பத்து சதவீதம் என்று போட்ட பேனர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்து. இலஞ்சி பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் பொன்செல்வி தன் ஸ்கூட்டரைத் தேங்காய் லாரி ஒன்றின் முதுகில் கொண்டுபோய் முட்டியிருப்பாள். கடைசி நொடியில் பிரேக் பிடித்தது. சாரலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவளுக்கு எதிரே, பத்தடி அகலம், ஆறடி உயரத்தில், அவள் முகமே சிரித்துக்கொண்டு நின்றது.

படம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனாலும் அவருடைய தோள் மட்டும் பட்டுச்சட்டையோடு பொன்செல்வியின் காதருகே மிச்சமிருந்தது. அதற்குக் கீழே சிவப்பிலும் மஞ்சளிலும் எழுத்துகள்:

‘கருந்துளையின் ரகசியம் கண்ட இலஞ்சி மண்ணின் மகள், முனைவர் சு. பொன்செல்வி அவர்களை வாழ்த்துகிறோம்! கருந்துளை விழுங்கும் பொருளில் பத்து சதவீதம் ஒளியாக மாறுகிறது! இவண்: அன்பு அக்கா உலகம்மை, ஐந்தருவி பழக்கடை நண்பர்கள்.’

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று விடுபடவில்லை. ஆச்சரியக்குறி இரண்டும் சரியான இடத்தில் இருந்தன. ஆனால் விஷயத்தில் இரண்டு பிழைகள். முதலாவது, அவள் இன்னும் முனைவர் ஆகவில்லை. வாய்மொழித் தேர்வு, அதாவது எல்லோரும் வைவா என்று சொல்வது, வியாழக்கிழமைதான். இரண்டாவது, அந்த எண். அந்தப் பத்து சதவீதத்தை எதிர்த்துத்தான் அவள் ஏழு வருஷம் மல்லுக்கு நின்றிருந்தாள்.

பின்னால் மினிபஸ் ஹாரன் அடித்தது. “டீச்சர், ஒங்க படத்த நீங்களே பாத்துக்கிட்டு நின்னா நாங்க எப்படிப் போறது?” என்று டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

பொன்செல்விக்கு முப்பத்தொன்பது வயது. குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள். அக்கா உலகம்மை எட்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, சீசனில் ஐந்தருவியில் பழக்கடையும் மற்ற மாதங்களில் இலஞ்சியில் காய்கறிக் கடையும் வைத்திருக்கிறாள். அப்பா, அம்மா இல்லாத வீட்டில் இருவருமாகக் குடியிருந்தார்கள். கல்யாணம் என்ற பேச்சு இரண்டு பேருக்குமே வெவ்வேறு வருஷங்களில் வந்து, வெவ்வேறு காரணங்களால் நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி இருவருக்கும் இப்போது வருத்தமும் கிடையாது, பேச நேரமும் கிடையாது.

ஆராய்ச்சி என்ற எண்ணம் பாடம் எடுக்கும்போது வந்ததுதான். பொருளே ஆற்றலாக மாறும் என்ற பாடம். சூரியன் தன் ஹைட்ரஜனை எரிக்கும்போது, எரிகிற பொருளில் நூறில் ஒரு பங்குகூட ஒளியாக மாறுவதில்லை என்று பலகையில் எழுதினாள். இதைவிடத் திறமையாகப் பொருளை ஒளியாக்குவது எது என்று தேடிப் படித்தாள். பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ராட்சதக் கருந்துளைகள் என்று பதில் வந்தது. கருந்துளைக்குள் போனது எதுவும் திரும்பாது. ஆனால் போவதற்கு முன்னால், சுற்றிச் சுற்றி, ஒன்றோடு ஒன்று உரசி, சூடேறி, அந்தப் பொருள் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே விழும். நூறு கிலோ விழுந்தால் பத்து கிலோவுக்குச் சமமான ஒளி வெளியே வரும். மீதி தொண்ணூறு உள்ளே போய்க் கருந்துளையை வளர்க்கும். எல்லாக் கட்டுரைகளிலும் இந்தப் பத்துதான் இருந்தது.

பத்து என்று யார் அளந்தார்கள் என்று பார்த்தாள். தான் படித்த கட்டுரை அதற்கு முந்தைய கட்டுரையைக் காட்டியது. அது அதற்கும் முந்தையதைக் காட்டியது. இப்படிப் பின்னாலேயே போய் ஒரு பழைய கட்டுரையில் நின்றால், அங்கே ‘பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வோம்’ என்று இருந்தது. கருந்துளை சுழலாமல் கிடந்தால் ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும், உச்ச வேகத்தில் சுழன்றால் நாற்பத்திரண்டு வரை போகலாம், பத்து என்பது இடையில் கைக்கு வசதியான ஓர் எண். அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய விடைகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவில்லை. அந்த ‘எடுத்துக்கொள்வோம்’ அவளைப் பிடித்துக்கொண்டது. பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தாள். வழிகாட்டி பேராசிரியர் ஜெஸ்வின்.

முறை கேட்பதற்கு எளிமையாக இருக்கும். வானம் முழுக்க, காலம் முழுக்க, வளரும் கருந்துளைகள் கொட்டிய ஒளியைக் கூட்ட வேண்டும். இன்று மண்டலங்களின் நடுவில் இருக்கிற கருந்துளைகளின் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் விழுந்ததில் எவ்வளவு ஒளியாகப் போனது என்று தெரிந்துவிடும். இதை உலகம்மைக்கு அவள் கடையில் வைத்தே ஒருநாள் சொன்னாள்.

“மங்குஸ்தான்ல சுளை இருக்குல்லா, அதான் வெளிச்சம். தோலுதான் கருந்துளையில மிஞ்சுனது. தின்ன சுளை எவ்வளவு, கிடக்கிற தோலு எவ்வளவுன்னு பாத்தா, ஒரு பழத்துல எவ்வளவு சுளைன்னு சொல்லிரலாம்.”

உலகம்மை எதிலும் கறார். ரம்புட்டானைக் கொத்துக் கொத்தாகக் கட்டும்போது எண்ணிக்கை ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “பாதிப் பேரு காருக்குள்ள கொண்டுபோயில்லா திங்காங்க? அந்தத் தோல எங்கன போய்ப் பொறக்குவ?”

“அதாங்க்கா என் பிரச்சினையே.”

உண்மையிலேயே அதுதான் பிரச்சினை. பல கருந்துளைகள் தூசிக்குள் மறைந்துகொண்டு வளர்கின்றன. அவற்றின் ஒளி நேராக நமக்கு வருவதில்லை. சில அளவுக்கு மீறி அவசரமாக விழுங்குகின்றன. அப்போது தள்ளுமுள்ளில் ஒளியும் வெளியேற வழியில்லாமல் உள்ளே இழுபட்டுப் போகிறது. எடையோ, யாரும் தராசில் வைத்து நிறுத்ததல்ல. சுற்றியுள்ள விண்மீன்களின் ஓட்டத்தைப் பார்த்துக் கணிப்பது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தவறலாம்.

முதல் வருஷம் அவளுக்கு ஒன்பதிலிருந்து பதிமூன்றுக்குள் என்று விடை வந்தது. சந்தோஷமாக இருந்தாள். தூசியில் மறைந்தவை எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை ஒழுங்காகச் சேர்த்ததும் ஏழிலிருந்து பதினெட்டு ஆனது. எடைக் கணிப்பில் எவ்வளவு தவறலாம் என்பதை மழுப்பாமல் உள்ளே கொண்டுவந்ததும் ஐந்திலிருந்து இருபத்தெட்டு ஆனது. மற்றவர்களுக்கு ஆராய்ச்சி முடிவை நெருங்க நெருங்க விடை கைக்கு அருகில் வரும். இவளுக்கு, கவனமாகச் செய்யச் செய்ய, விடை விலகி விலகிப் போனது. பள்ளி விட்டு வந்து, விடைத்தாள் திருத்தி, கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துக் கணினியில் ஓட்டி, ஏழு வருஷத்தில் அவள் சம்பாதித்தது ஒரு பெரிய இடைவெளி. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கணினியைத் தூக்கிச் சிற்றாற்றில் போட்டுவிட்டு வந்தால் என்ன என்று இருக்கும்.

ஜெஸ்வின் சாருக்கு இது பிடிக்கவில்லை. “அஞ்சுல இருந்து இருபத்தெட்டுன்னா அது ஒரு ரிசல்ட்டா? அதுக்குள்ள பத்து இருக்கு இல்லியா? ‘பத்தோட ஒத்துப்போகுது’ன்னு எழுது. பொய் இல்லியே.”

“பொய் இல்ல சார். ஆனா ஆறோடயும் ஒத்துப்போகுது. இருபத்தஞ்சோடயும் ஒத்துப்போகுது. பத்த மட்டும் எடுத்துச் சொன்னா, நான் அளந்து பத்து வந்த மாதிரி ஆயிரும்.”

“ஒனக்கு டாக்டரேட் வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். ரொம்பவே வேண்டும். ஆய்வேட்டில் அவள் தன் இடைவெளியையே எழுதினாள். சார் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் நேராக ஐந்தருவிக்குப் போனாள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது, கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. ஈரத்துண்டும் நல்லெண்ணெய் வாசனையுமாக ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். உலகம்மை மங்குஸ்தானைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று கூடையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தப் பேனர யாரு வைக்கச் சொன்னா?”

“பாத்துட்டியா?” உலகம்மை முகம் முழுக்க மலர்ந்தது. “எப்படி இருக்கு? படம் மொதல்ல கருப்பா வந்துச்சு. நாந்தான் வெளுப்பாக்குங்கன்னேன்.”

“படம் கிடக்கட்டும். பத்து சதவீதம்னு போட்டிருக்கியே?”

“நீ எழுதித் தந்ததுதான? ஒரு எழுத்து மாத்தல.”

தராசுக்குக் கீழே பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாள். பொன்செல்வி மாசத் தொடக்கத்தில், ‘ஆய்வைத் தமிழில் நாலு வரி எழுதித் தா, கேக்குதவங்களுக்குச் சொல்லணும்’ என்று அக்கா கேட்டதால் எழுதிக் கொடுத்த தாள். அதில் இருந்தது இதுதான்: ‘கருந்துளை விழுங்கும் பொருளில் பத்து சதவீதம் ஒளியாக மாறுகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியா என்று அளந்து பார்ப்பதே என் ஆய்வு. அளந்ததில் ஐந்திலிருந்து இருபத்தெட்டு வரை எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது.’

“மாறுகிறதுக்குப் பின்னால இருக்கே, அத ஏன்க்கா விட்ட?”

“பிளக்ஸ் கடைக்காரரு ஒரு வரிதான் நிக்கும்னாரு. மொத வரிதான முக்கியம்? அதுலயும் ‘என்று எல்லோரும்’னு வந்தா இழுவையா இருக்குன்னாரு. நாலு நாள் திருப்பித் திருப்பிப் படிச்சு, ஒரு புள்ளி விடாமப் பாத்துதான் அடிக்கச் சொன்னேன்.”

“நான் தப்புன்னு சொல்லுததையே எம் மூஞ்சிக்குக் கீழ போட்டு வச்சிருக்க.”

பக்கத்தில் சிப்ஸ் கடை போட்டிருந்த அகமது கபீர் எட்டிப் பார்த்தார். “டீச்சர், கீழ நண்பர்கள்னு போட்டிருக்குல்லா, அதுல நானும் உண்டு. பேரு போடச் சொன்னேன், எடமில்லைன்னுட்டா ஒங்க அக்கா. ஒங்க பேருக்கு முன்னால முனைவர்னு பாத்ததும் எனக்கே நெஞ்சு நிமிந்துட்டு.”

“இன்னும் முனைவர் ஆகல பாய். வியாழக்கெழமதான் வைவா.”

“அது ஒரு சடங்குதான? நிக்காஹ்ல சம்மதம் கேக்குத மாதிரி. இல்லைன்னு எவன் சொல்லுதான்?”

“அக்கா, நாளைக்குள்ள அதக் கழத்தச் சொல்லு.”

உலகம்மை கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள். “வாழ்த்துப் பேனரக் கழத்துனா ஊர்ல என்னன்னு நெனப்பாங்க? பெயிலாயிட்டான்னு நெனப்பாங்க. பேனரக் கட்டுன ஆளும் செங்கோட்டைக்கு வேலைக்குப் போயிட்டாரு. வெள்ளிக்கெழமதான் வருவாரு.”

“வைவா எடுக்க வருதவரு நாளைக்கு அந்த ரோட்டுலதான் வருதாரு.”

“வரட்டுமே. பாத்துட்டுச் சந்தோசப்படட்டும்.”

“என்னத்தக்கா சந்தோசப்பட? பத்துன்னு நான் சொல்லவே இல்ல!”

“அப்ப என்னதான் சொன்ன?” உலகம்மையின் குரல் ஏறியது. “ஏழு வருசம். ஒரு பொங்கல், தீவாளி ஒழுங்கா உக்காந்து சாப்பிட்டிருப்பியா? அவ்வளவும் படிச்சு ஒரு நம்பர் சொல்ல முடியலையாட்டி ஒனக்கு? எங்கிட்ட ஒருத்தன் வந்து, மங்குஸ்தான்ல எவ்வளவு சுளைன்னு கேட்டா, கிலோவுக்கு எரநூத்தித் தொண்ணூறு கிராம்னு பட்டுன்னு சொல்லுதேன். நிறுத்துப் பாத்திருக்கேன்.”

பொன்செல்விக்கு வார்த்தை வந்தால் கெட்ட வார்த்தையாக வரும்போல் இருந்தது. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளர்கள், இந்தப் பக்கத்து மாணவர்கள் என்றால், தேதியை ஆனி, ஆடி பார்த்துத்தான் கொடுப்பார்கள். சாரலில் குளித்துவிட்டுப் போகலாம் என்பதுதான் காரணம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பொன்செல்வியின் ஆய்வேடு தை மாசத்திலிருந்து அருவியில் தண்ணீர் வருவதற்காகக் காத்திருந்தது. அறை பார்ப்பது, எண்ணெய் தேய்க்க ஆள் சொல்வது, பழம் வாங்குவது எல்லாம் மாணவியின் பொறுப்பு. புதன்கிழமை அவள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அதைத்தான் செய்தாள்.

தேர்வாளர் அறுபதைத் தொட்டவர். சென்னையிலிருந்து வந்திருந்தார். குளித்து முடித்து, தலையில் துண்டோடு, நடுக்கத்தில் பல் தந்தியடிக்க, ஜெஸ்வின் சாருடன் மேலே ஏறி வந்தார். வந்தவர் உலகம்மை கடையிலேயே நின்றார். அது யார் கடை என்று அவருக்குத் தெரியாது. பொன்செல்வி இரண்டடி தள்ளி, குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“தோல்தான் இவ்வளவு தடிமனா இருக்கு. உள்ளே எவ்வளவும்மா தேறும்?”

“கிலோவுக்கு எரநூத்தித் தொண்ணூறு கிராம் சுளைங்க” என்றாள் உலகம்மை.

“அட, டாண்ணு சொல்றீங்களே” என்று இரண்டு கிலோ வாங்கினார்.

நடக்கும்போது ஜெஸ்வின் சார் பொன்செல்வியின் பக்கம் ஒதுங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. “பேனர் பாத்தோம். சாரும் பாத்தாரு. ஊரே பத்துன்னு சொல்லுது, நீ ஒருத்திதான் இல்லைங்கிற. பாரு, நாளைக்கு அவர் கேப்பாரு. அவர் பேப்பர்ல எல்லாமே பத்து வச்சுதான் போட்டிருக்காரு. ‘ஒத்துப்போகுது’ன்னு ஒரு வார்த்தை. அரைமணி நேரத்துல முடிஞ்சிரும்.”

வியாழக்கிழமை பகல் இரண்டரைக்கு வைவா தொடங்கியது. பல்கலைக்கழகத்தில், துறையின் கருத்தரங்க அறை. மின்விசிறி ஒன்று மட்டும் சுற்றியது. முன்வரிசையில் நாலைந்து ஆசிரியர்கள், பின்னால் வருகைக் கையெழுத்துக்காக வந்த மாணவர்கள். பொன்செல்வி முக்கால் மணி நேரம் பேசினாள். ஒளியை எப்படிக் கூட்டினாள், எடையை எப்படிக் கூட்டினாள், ஒவ்வொரு படியிலும் இடைவெளி ஏன் அகலமானது என்று படம் படமாகக் காட்டினாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து வர்ற வழியில ஒரு பேனர் பார்த்தேன்.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“அதுல பத்துன்னு இருந்தது. ஆய்வேட்டுல அஞ்சிலிருந்து இருபத்தெட்டுன்னு இருக்கு. எதை நான் எடுத்துக்கறது?”

ஜெஸ்வின் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் மூன்றரைக்கு டீயும் மிக்சரும் வந்துவிடும்.

“பேனர் தப்பு சார்” என்றாள். “என் அக்கா வச்சது. நான் எழுதிக் கொடுத்ததுல முதல் பாதி வரியை மட்டும் எடுத்து அச்சடிச்சிட்டா. பத்து சதவீதம்னு எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்னு எழுதியிருந்தேன். ‘எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்’ங்கறது விழுந்துபோச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அக்கா எட்டாவதுதான் படிச்சிருக்கா. ஆனா நம்ம கட்டுரைகள்லயும் அந்தச் சொல்லு அப்படித்தான் விழுந்துபோயிருக்கு சார்.”

தன் கட்டுரைகளைப் பற்றியும்தான் சொல்கிறாள் என்பது தேர்வாளருக்குப் புரியாமல் இல்லை. அவர் ஆய்வேட்டைப் புரட்டினார். “ஆக, ஏழு வருஷத்துக்குப் பிறகும் உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது சார். எதனால தெரியலைன்னு தெரியும். நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். எடைக் கணிப்புல இருக்கிற பிழையைப் பாதியாக் குறைச்சா, மேல் எல்லை பதினேழுக்கு வந்துரும். தூசியில மறைஞ்சதைச் சரியா எண்ணினா கீழ் எல்லை மேல ஏறும். அது ரெண்டும் நடக்காம, பத்துன்னு யார் சொன்னாலும் அது பழக்கத்துல சொல்றது.”

அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் கேட்டார். கேள்விகள் கடுமையாக இருந்தன. இரண்டு இடத்தில் அவள் தடுமாறினாள். ஒரு வரைபடத்தில் அச்சின் அலகு தவறாக இருந்ததை அவர் கண்டுபிடித்தபோது அவள் அதைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டாள். கடைசியில், “பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். கைதட்டினார்கள். டீ வந்தது.

சந்தோஷம் பதினைந்து நிமிஷம் நீடித்தது. அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவியும் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கை முந்தின நாளே டைப் செய்து வைக்கப்பட்டிருந்தது. எப்போதும் அப்படித்தான். பொன்செல்வி பேனாவைத் திறந்துவிட்டு, பழக்கத்தில், படித்துப் பார்த்தாள். மூன்றாவது பத்தியில், ‘பத்து சதவீதம் என்ற வழக்கமான மதிப்பை இவ்வாய்வு உறுதி செய்கிறது’ என்று இருந்தது.

“சார், இது…”

“அதையெல்லாம் யாரும் படிக்கிறதில்ல, போடு” என்றார் ஜெஸ்வின் சார்.

“ரெண்டு மணி நேரமா இல்லைன்னு சொல்லிட்டு இப்ப இதுல எப்படி சார் போடுவேன்?”

தேர்வாளர் வாங்கிப் பார்த்தார். “அவங்க சொல்றது சரிதான். மாத்திருங்க.” மாற்றலாம் என்றால் டைப் செய்கிறவர் நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருடைய கணினிக்கு வேறு யாருக்கும் கடவுச்சொல் தெரியாது. கையால் திருத்தினால் தேர்வுப் பிரிவு வாங்காது. தேர்வாளருக்கு ரயில் நேரம். இனி புதிதாக அடித்து, சென்னைக்குத் தபாலில் அனுப்பி, கையெழுத்தாகித் திரும்பி வந்து, அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஒரு மாசம் ஆகலாம், மூன்று மாசமும் ஆகலாம்.

“ஒரே ஒரு வரி” என்றார் ஜெஸ்வின் சார். அவருக்கு உண்மையிலேயே சலித்துவிட்டது. “ஒரு வரிக்காக இப்படியா?”

பொன்செல்வி பேனாவை மூடினாள். “அடிச்சே அனுப்புங்க சார். காத்திருக்கேன்.”

வெளியே வந்ததும் தன் மீதே அப்படி ஒரு கோபம் வந்தது. பஸ்ஸில் தென்காசி வரைக்கும், போட்டிருக்கலாம், போட்டிருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டே வந்தது. சாதித்துவிட்ட நிறைவு எதுவும் இல்லை. தலைவலிதான் இருந்தது.

வீட்டில் உலகம்மை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கடைத் தராசு. ஒரு பக்கம் மங்குஸ்தான் தோல் மூன்று குவியல், மறுபக்கம் மூன்று கிண்ணத்தில் சுளை.

“என்னாச்சு?”

“பாஸ். ஆனா இன்னும் ஆகல.” நடந்ததை எல்லாம் நின்றபடியே சொன்னாள். அக்காவைப் பற்றி அறையில் சொன்னதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, திட்டு வரும் என்று காத்திருந்தாள்.

உலகம்மை தராசைக் காட்டினாள். “நேத்து பழம் வாங்குன அந்தக் கெழவனாரு டாண்ணு சொல்லுதீயன்னாருல்லா? ராத்திரி நெனச்சுப் பாத்தேன். நான் ஒரே ஒரு கிலோதான் நிறுத்தது. அதுவும் நாலு வருசத்துக்கு முன்ன. அதான் இன்னைக்கு மூணு கிலோ நிறுத்தேன். பெருசுல எரநூத்தி நாப்பது. நடுத்தரத்துல முந்நூத்திப் பத்து. சிறுசுல எரநூத்தி எழுபத்தஞ்சு.” எரிச்சலோடு தோலைக் கூட்டித் தள்ளினாள். “எரநூத்தித் தொண்ணூறு ஒண்ணுலயும் வரல. நாலு வருசமா எத்தன பேருட்ட சொல்லியிருப்பேன்.”

“பழத்த நிறுத்துப் பாத்துரலாம்க்கா. எனக்கு அதுவும் முடியாது.”

“ம். சுளையத் தின்னு. வீணாப் போவுது.”

இரண்டு பேரும் உட்கார்ந்து தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு பொன்செல்வி பேருந்து நிறுத்தத்தைக் கடந்தபோது, பேனருக்கு முன்னால் ஏணி நின்றது. கீழே அகமது கபீர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, “பாத்து ஏறு ஒலகம்ம, எனக்கும் வயசாச்சு” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மேலே உலகம்மை, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, வாயில் டேப்பைக் கடித்தபடி நின்றாள். ‘முனைவர்’ என்ற சொல்லின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியாகிவிட்டது. அளவெடுத்து வெட்டியிருந்தாள். பக்கத்து எழுத்தில் ஒரு நூல்கூடப் படவில்லை. பத்து சதவீதத்தின் மேல் நீளமான ஒரு தாள், மழைக்குக் கரையாத மையில், அவள் கையெழுத்து:

‘கருந்துளை விழுங்கும் பொருளில் ஐந்திலிருந்து இருபத்தெட்டு சதவீதம் வரை எவ்வளவு வேண்டுமானாலும் ஒளியாக மாறலாம். சரியாக இன்னும் தெரியவில்லை!’

ஆச்சரியக்குறியை விடாமல் போட்டிருந்தாள்.

மினிபஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, வாய்விட்டுப் படித்தார். “இதென்ன ஆச்சி, தெரியலைன்னு பேனர் வச்சிருக்கீய?”

உலகம்மை வாயிலிருந்த டேப்பை எடுத்தாள். “ஆமா, தெரியலைன்னு கண்டுபிடிக்கவே ஏழு வருசம் ஆச்சுதாம். நீரு வண்டிய எடும், பின்னால லாரி நிக்கி.”

பிறகு தங்கையைப் பார்த்து, மேலே நின்றபடியே கேட்டாள்: “ஏட்டி, அந்த ரிப்போர்ட் வந்தா இந்த மேல் தாள மட்டும் கிழிச்சாப் போதும்லா? கீழ உள்ளது இருக்கட்டும்தான?”

“கீழ உள்ளது இருக்கட்டும்க்கா” என்றாள் பொன்செல்வி. மணி எட்டேகால் ஆகிவிட்டது. முதல் பீரியட் அவளுக்கு இருந்தது. அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.